வீட்டு அறையிலிருந்து லீ மான்ஸ் 24 மணி நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வீட்டு அறையில் உட்கார்ந்து கணினியில் கார் ரேஸ் ஓட்டுகிறவன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித் குமாரின் அணி போர்ஷே 991 கார்களுக்கான பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த பிறகு, எனக்கு வரும் கேள்விகளே மாறிப்போயின. அதுவரை "கேம்தானே?" என்று கடந்து போனவர்கள், "ஒரு நாள் முழுக்கவா? யார் ஓட்டுவது? எப்போது தூங்குவது?" என்று உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் அணியில் மூன்று பேர். நான் சென்னையில் இருக்கிறேன். எங்களில் வேகமானவன் கோவையில் இருக்கும் ஒரு தம்பி. மூன்றாமவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் குடியிருக்கும் அண்ணன். ஐரேசிங் என்ற கணினி சிமுலேட்டரில், 24 மணி நேர ரேஸுக்குப் பேர்போன பிரான்ஸின் லீ மான்ஸ் தடத்தில், ஜிடி3 வகைக் கார் (சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரை ரேஸுக்கு மாற்றிய வகை) ஓட்டுகிறோம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ரேஸை வைத்துத்தான்.

24 மணி நேரமும் ஒரே ஆள் ஓட்ட வேண்டுமா?

இல்லை, அணியாகத்தான் ஓட்டுகிறோம். ஒரே காரை ஆள் மாற்றி ஆள் எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஓட்டும்போது மற்ற இருவரும் குரல் இணைப்பில் இருப்பார்கள், அல்லது தூங்குவார்கள்.

நிஜ லீ மான்ஸில் ஓர் ஓட்டுநர் எந்த ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது; மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் கட்டுப்பாடு கிடையாது. 1952இல் பியர் லெவேக் என்ற பிரெஞ்சுக்காரர் தன் டால்போ காரை யாரிடமும் கொடுக்காமல் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். முதலிடத்தில் இருந்தார். முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமே மிச்சம் இருக்கும்போது இஞ்சின் போய்விட்டது. மெர்சிடீஸ் வென்றது. புதிதாக அணியில் சேர்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஐரேசிங்கில் எதிர்ப்பக்கமாக ஒரு விதி இருக்கிறது. அணியில் பெயர் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு வருமோ, அதில் கால் பங்காவது ஒவ்வொருவரும் ஓட்டியே ஆக வேண்டும். மூன்று பேர் என்றால் ஆளுக்கு எட்டு மணி நேரம்; அதில் கால் பங்கு, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்.

அணி இல்லை, தனியாள்தான். எனக்கு வழி உண்டா?

உண்டு. என் தலைமுறையில் பலருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்ததே கிரான் டூரிஸ்மோ என்ற கார் ரேஸ் கேமால்தான். பிளேஸ்டேஷன் 2இல் வந்த நான்காம் பாகத்தில் லீ மான்ஸ், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் என்ற இரண்டு தடங்களுக்குமே 24 மணி நேர ரேஸ் இருந்தது. கை ஓய்ந்தால் பி-ஸ்பெக் முறைக்கு மாறி, கணினி ஓட்டுநரிடம் காரைக் கொடுத்து, நாம் உத்தரவு மட்டும் போடலாம். 2010இல் வந்த ஐந்தாம் பாகத்திலும் 24 மணி நேர ரேஸ்கள் இருந்தன. முதலில் நடுவில் சேமிக்கவே வழியில்லை. பின்னர் வந்த ஒரு மேம்படுத்தலில் பிட்டுக்குள் (பெட்ரோல் நிரப்பி, டயர் மாற்றி, பழுது பார்க்கும் இடம்) நிறுத்திச் சேமிக்கும் வசதி வந்தது. அதுவரை கேம் கன்சோலை நாள்கணக்கில் அணைக்காமல் வைத்திருந்தவர்கள் உண்டு.

கணினியில் என்றால் அசெட்டோ கோர்ஸா கொம்பெடிசியோனே, லீ மான்ஸ் அல்டிமேட் இரண்டுமே நீண்ட ரேஸுக்கு நல்லவை. ஆனால் தனியாளாக 24 மணி நேரத்தில் குதிக்காதீர்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டரை, பிறகு ஆறு. எரிபொருள், டயர், டிராஃபிக் என்று கற்க வேண்டிய எல்லாமே ஆறு மணி நேர ரேஸிலேயே வந்துவிடும்.

என்ன சாமான் வேண்டும்?

வீல், பெடல், அசையாத நாற்காலி, தடுமாறாத கணினி, கம்பி இழுத்த நெட். அவ்வளவுதான். கேம்பேடில் ஓட்டலாம்; ஆனால் இரண்டு மணி நேரத்தில் கட்டைவிரல் கெஞ்சும்.

கையில் கொஞ்சம் காசு இருந்து, வீலை மாற்றுவதா பெடலை மாற்றுவதா என்று யோசித்தால் பெடலை மாற்றுங்கள். கால் எவ்வளவு தூரம் போகிறது என்பதை அளக்கும் பெடலைவிட, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளக்கும் பெடல் களைத்த காலுக்குப் பெரிய துணை. அதிகாலை ஐந்து மணிக்கு உங்கள் கால் தூரத்தை மறந்துவிடும், அழுத்தத்தை மறக்காது.

ஐரேசிங்குக்கு மாதச் சந்தா உண்டு. அதற்கு மேல் காரும் தடமும் தனித்தனியாக வாங்க வேண்டும். மூன்று பேரும் ஒரே காரை வாங்கிய பிறகுதான் பயிற்சியே தொடங்க முடியும் என்பதால், எந்தக் கார் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

கரண்ட் போனால்?

எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. இன்வெர்ட்டர் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தோம். வீட்டு இன்வெர்ட்டர் மின்விசிறிக்கும் விளக்கிற்கும் போதும். ஆனால் பேட்டரிக்கு மாறும் அந்த நொடி நேரத்தில் கணினி அணைந்துவிடலாம். கோவையில் அதுதான் நடந்தது. ஆறாவது மணி நேரத்தில் தம்பியின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. திரையில் எங்கள் கார் காணாமல் போனது.

ஓட்டுகிறவரின் இணைப்பு அறுந்தால் காரை பிட்டுக்கு இழுத்து வரும் நேரத்தைக் கழித்த பிறகுதான் அடுத்தவர் ஏற முடியும். லீ மான்ஸ் தடம் 13.626 கிலோமீட்டர், காத்திருப்பும் அதற்கேற்ற நீளம். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்து உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து மூன்று ஏற்பாடு. கணினிக்கும் மோடத்துக்கும் தனி யுபிஎஸ். கைபேசி ஹாட்ஸ்பாட் தயார் நிலையில். மூன்றாவது முக்கியமானது: யார் ஓட்டினாலும், முடிந்தவரை இன்னொருவர் தன் வீலுக்கு எட்டும் தூரத்தில் விழித்திருக்க வேண்டும்.

இணைப்புக் கோளாறு பெரியவர்களையும் விடுவதில்லை. 2023 ஜனவரியில் நடந்த மெய்நிகர் லீ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் ஃபார்முலா 1 சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முன்னணியில் இருந்தபோது இணைப்பு அறுந்து, கடைசியில் அவர் அணி விலகிக்கொண்டது. அவர் அதோடு நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் ஐரேசிங்கின் நூர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸை அவர் அணி வென்றது. அதே வார இறுதியில் இமோலாவில் நிஜ ஃபார்முலா 1 ரேஸையும் வென்றார்.

இந்திய நேரத்தில் எப்படிச் சமாளிப்பது?

பச்சைக் கொடி விழும் நேரம் ரேஸுக்கு ரேஸ் மாறும். கடந்த முறை எங்களுக்கு அமைந்தது மாலை ஆறரை. கேமுக்குள் அப்போது மாலை நான்கு மணி. லீ மான்ஸில் ஜூன் மாதச் சூரியன் இரவு பத்து மணி வாக்கில்தான் மறையும். காலை ஆறு மணிக்கு வரும். நம் கடிகாரத்தில் போட்டால் நள்ளிரவு பன்னிரண்டரை முதல் காலை எட்டரை வரை கேமில் இருட்டு.

டொராண்டோ அண்ணன் எங்கள் அணிக்குக் கிடைத்தது பெரிய கொடுப்பினை. நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை என்றால் அவருக்கு மதியம் மூன்று மணி. சாப்பிட்டுவிட்டுத் தெளிவாக வந்து உட்காருவார். "நீங்கள் போய்ப் படுங்கோ தம்பி, நான் உங்கட நேரம் நாலரை வரைக்கும் பார்த்துக்கொள்ளுறன்" என்பார். அந்த நான்கு மணி நேரத் தூக்கம்தான் எங்கள் இருவரையும் மறுநாள் மாலை வரை தாங்கியது. அணி சேர்க்கும்போது வேகத்தைப் பார்ப்பதுபோல் ஊரையும் பாருங்கள். வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரர், கூடப் படித்தவர் யாராவது இந்த ஆர்வத்தோடு இருந்தால் விடாதீர்கள்.

எரிபொருள் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

ஒருமுறை டேங்கை நிரப்பி அடுத்த பிட் வரை ஓட்டும் பகுதிக்கு ஸ்டிண்ட் என்று பெயர். ஒரு ஸ்டிண்டில் எத்தனை லேப் (தடத்தின் முழுச் சுற்று) போக முடியும் என்பதுதான் ரேஸின் அடித்தளம்.

ஓர் எடுத்துக்காட்டு. டேங்க் 105 லிட்டர், லேப்புக்கு 7.6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 13.8 வரும். அந்த .8 லேப்பால் பயனில்லை. 13 லேப்பில் உள்ளே வந்தே ஆக வேண்டும். லேப்புக்கு 0.2 லிட்டர் மிச்சம் பிடித்து 7.4 ஆக்கினால் 14 லேப்புக்கு 103.6 லிட்டர். கைப்பிடிக்குள் வந்துவிட்டது.

ஒரே ஒரு லேப்தானே என்று தோன்றும். ஜிடி3 காருக்கு ஒரு லேப் சுமார் நான்கு நிமிடம். பிட் நேரமெல்லாம் கழித்து 24 மணி நேரத்தில் 345 லேப் என்று வையுங்கள். பதிமூன்று பதிமூன்றாகப் போனால் 27 ஸ்டிண்ட், 26 பிட். பதினான்காகப் போனால் 25 ஸ்டிண்ட், 24 பிட். இரண்டு பிட் குறைகிறது. பிட் பாதையில் ஊர்ந்துபோய் நின்று கிளம்பும் நேரம் இரண்டு முறை மிச்சம். நிரப்ப வேண்டிய பெட்ரோலும் 69 லிட்டர் குறைவு.

மறுபக்கம் பாருங்கள். மிச்சம் பிடிப்பதால் லேப்புக்கு 0.3 வினாடி இழந்தால் 345 லேப்பில் ஒன்றே முக்கால் நிமிடம் போகிறது. கூட்டிக் கழித்தால் லாபம் பெரியதல்ல. ஆனாலும் நான் மிச்சம் பிடிக்கும் பக்கம்தான் நிற்பேன். பிட் பாதை என்பது வேக வரம்பு மீறல், தவறான இடத்தில் நிற்பது, குளிர்ந்த டயரில் சுழல்வது என்று தப்புகள் குவிந்து கிடக்கும் இடம். அங்கே இரண்டு முறை குறைவாகப் போவது நல்லது.

எப்படி மிச்சம் பிடிப்பது? லீ மான்ஸ் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். முல்சான் நேர்ப்பாதையில் 1988இல் ஒரு கார் மணிக்கு 405 கிலோமீட்டர் தொட்டது. 1990இல் அந்தப் பாதையின் நடுவே வேகத்தைக் குறைக்கும் நெளிவான இரண்டு சிகேன் வளைவுகளைப் போட்டு மூன்றாக வெட்டினார்கள். ஆக ஒரே லேப்பில் மூன்று முறை உச்ச வேகத்திலிருந்து பிரேக் போட வேண்டிவருகிறது. ஒவ்வொன்றிலும் பிரேக் புள்ளிக்கு ஐம்பது மீட்டர் முன்பே த்ராட்டிலிலிருந்து (ஆக்ஸிலரேட்டர்) காலை எடுத்து, காரை உருளவிட்டு, பிறகு பிரேக்கைத் தொடுங்கள். உச்ச வேகத்தில் ஐம்பது மீட்டர் ஒரு வினாடிகூட இல்லை. இந்த மூன்று இடத்தில் பழகினாலே அந்த 0.2 லிட்டர் வந்துவிடும்.

எவ்வளவு வேகமாக ஓட்ட வேண்டும்?

எனக்கு மனதில் அதிகம் இருப்பது இந்தக் கேள்விதான்.

பயிற்சியில் உங்கள் சிறந்த லேப் 3 நிமிடம் 58 வினாடி என்றால், ரேஸில் அதைத் தேடாதீர்கள். நான்கு நிமிடத்தில் தொடர்ந்து இருபத்தைந்து லேப், ஒருமுறைகூட நான்கு சக்கரமும் வெளியே போகாமல் ஓட்ட முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். அதைத் தாண்டிய வேகம் உங்களுடையது அல்ல, கடன் வாங்கியது. அதைத் திருப்பிக் கட்டப்போவது அணி.

நீங்கள் ஓட்டும் கார் உங்கள் கார் அல்ல என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஸ்டிண்டின் முடிவில் ஒருவர் அதில் ஏறப்போகிறார். அலாரம் வைத்து எழுந்து, முகம் கழுவி, வீலுக்கு முன்னால் வந்து உட்காருகிறவருக்கு, சக்கரம் நேராக நிற்கும் கார் கிடைக்க வேண்டும். என் முதல் 24 மணி நேர ரேஸில் நான் இதைச் செய்யத் தவறினேன். முன்னால் போன காரை அர்னாஜ் வளைவில் பிடித்துவிடலாம் என்று தாமதமாக பிரேக் போட்டேன். சுவரில் மோதியது வலது முன்சக்கரம். பிட்டில் சரிசெய்த பிறகும் நேர்ப்பாதையில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் காரைத்தான் தம்பியிடம் கொடுத்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த இரண்டு மணி நேரமும் இடப்பக்கம் திருப்பிப் பிடித்தபடியே ஓட்டினான்.

வேகமான கார்கள் பின்னால் வந்தால் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். உங்கள் கோட்டிலேயே போங்கள்.

ஒரே தடத்தில் இரண்டு மூன்று வகைக் கார்கள் ஓடும். ரேஸுக்கென்றே கட்டிய எல்எம்பி2 வகைக் கார் உங்களைவிட லேப்புக்கு இருபது வினாடிக்கும் அதிகமாக வேகம். வேகமான கார் பின்னால் வருகிறது என்று காட்டும் நீலக் கொடி ஐரேசிங்கில் ஒரு தகவல்தான். வழிவிட்டே ஆக வேண்டும் என்ற கட்டளை இல்லை. பாதுகாப்பாகக் கடப்பது முந்துகிறவரின் பொறுப்பு. நீங்கள் மரியாதைக்காக ஒதுங்கினால், அவரும் அதே பக்கம் வந்துகொண்டிருப்பார். புதியவர்களின் விபத்தில் பெரும்பகுதி இந்த ஒதுங்குதலால்தான்.

இடம் பார்த்து உதவலாம். நேர்ப்பாதையில் ஒரு நொடி த்ராட்டிலைத் தளர்த்துங்கள்; அவரும் சீக்கிரம் போவார், உங்களுக்கும் பெட்ரோல் மிச்சம். போர்ஷே வளைவுகளில் மட்டும் யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள், நீங்களும் கேட்காதீர்கள். தொடர்ச்சியான வேக வளைவுகள், பக்கத்திலேயே சுவர். இருவர் சேர்ந்து போக அங்கே இடமில்லை. இண்டியானாபொலிஸ் என்ற வளைவுக்குள் நுழையும்போதும் அப்படித்தான். கார் வலப்பக்கம் வளைந்துகொண்டே இருக்கும்போது பிரேக் போட வேண்டிய இடம் அது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் இருவருக்குமே போதாது.

அணியில் மற்ற இருவரில் ஒருவர், சுற்றி வரும் கார்களைப் பார்த்துச் சொல்லும் ஸ்பாட்டராக உட்கார்ந்தால் பாதிப் பாரம் குறையும். எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, எல்எம்பி ரெண்டு, ஒட்டி ஒட்டி வர்றாங்க. முதல் ஆள் இடது. போயாச்சு. ரெண்டாவது இன்னும் பின்னாடிதான். இருங்க... போயாச்சு." அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

இரவு ஓட்டுவது கஷ்டமா?

கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், வேறு மாதிரி. பகலில் கண் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரவில் விளக்கு எட்டும் வரைதான் உலகம். பகலில் ஒரு மரத்தையோ நிழலையோ பார்த்து பிரேக் போட்டுப் பழகியிருந்தால் இரவில் அது இருக்காது. அதனால் பயிற்சியிலிருந்தே, வளைவுக்கு எத்தனை மீட்டர் என்று காட்டும் தூரப் பலகைகளை மட்டும் நம்புங்கள். அவை விளக்கொளியில் தெரியும். கண்ணாடியில் தெரியும் விளக்கு எவ்வளவு அருகில் என்று கண்ணால் கணிக்க முடியாது. அதற்கு ஸ்பாட்டர் குரல்தான்.

கடந்த முறை காலை ஆறரைக்கு நான் ஏறினேன். வாசலில் பால் பாக்கெட் விழுந்த சத்தம், பக்கத்து வீட்டில் குக்கர் விசில், திரைச்சீலையின் ஓரத்தில் சென்னை வெயில். திரையில் கும்மிருட்டு. அந்த ஓரத்து வெளிச்சம் கண்ணை இழுத்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது லேப்பில் அம்மாவைக் கூப்பிட்டு, ஒரு போர்வையை ஜன்னலில் மாட்டச் சொன்னேன். "பட்டப்பகல்ல என்னடா இது" என்றபடி மாட்டிவிட்டுப் போனார்.

பிறகு எட்டு மணி தாண்டியதும் முல்சான் பாதையின் இரு பக்கத்து மரங்களுக்கு மேலே வானம் கருநீலமாகப் பிரிந்தது. அடுத்த லேப்பில் மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அதற்கடுத்த லேப்பில் இருநூறு மீட்டர் பலகையை விளக்கில்லாமலே படிக்க முடிந்தது. இரவு முழுக்கப் பலகையைப் பார்த்தே ஓட்டியவனுக்கு, முதல் சிகேனுக்கு அப்பால் பாதை எங்கே போகிறது என்று முழுதாகத் தெரிந்த அந்த நொடிக்காகவே இந்த ரேஸை மறுபடி ஓட்டுவேன்.

ஆள் மாறுவது எப்படி நடக்கும்?

கார் பிட்டில் தன் இடத்தில் நின்றதும் ஓட்டுகிறவர் வெளியேறுவார், அடுத்தவர் தன் கணினியில் ஏறும் பொத்தானை அழுத்துவார். செயலில் ஒன்றுமில்லை. தப்பு நடப்பது அதற்கு முன்னும் பின்னும்தான்.

முன்பு: வரப்போகிறவர் குறைந்தது இருபது நிமிடம் முன்பே வந்து உட்கார வேண்டும். வீலைத் தொட்டுப் பார்த்து, மைக் கேட்கிறதா என்று பார்த்து, நடக்கும் ரேஸைக் கேட்க வேண்டும். போகிறவர் மூன்று விஷயம் சொன்னால் போதும். டயர் எப்படி இருக்கிறது, எங்கே மணல் கிடக்கிறது, சுற்றி இருப்பவர்களில் யார் முரட்டுத்தனமாக ஓட்டுகிறார்.

பின்பு: குளிர்ந்த டயர். பிட்டிலிருந்து வெளியே வந்ததும் டன்லப் வளைவும் சிகேனும் எஸ் வளைவுகளும் வரிசையாக வரும். தூக்கக் கலக்கம், கனமான டேங்க், பிடிக்காத டயர் மூன்றும் சேரும் இடம் அது. முதல் லேப்பில் ஐந்து வினாடி போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை என்று அணிக்குள் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம்.

மோதிவிட்டால் ரேஸ் முடிந்ததா?

பெரும்பாலும் இல்லை. மோதிய உடனே த்ராட்டிலை மிதிக்காதீர்கள். பிரேக்கைப் பிடித்து நின்று, இரு பக்கமும் பார்த்து, பிறகு நகருங்கள். மெதுவாகவாவது ஓட முடிந்தால் ஓரமாக ஓட்டியே பிட்டுக்கு வாருங்கள். பிட்டில் கட்டாயப் பழுது (பார்த்தே ஆக வேண்டியது), விருப்பப் பழுது (விரும்பினால் பார்ப்பது) என்று இரண்டு நேரம் காட்டும். எட்டு நிமிட விருப்பப் பழுதுக்குக் காத்திருப்பதா என்பது எவ்வளவு ரேஸ் மிச்சம் என்பதைப் பொறுத்தது. இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தால் முழுதாகச் சரிசெய்யுங்கள். அர்னாஜில் நான் மோதியபோது அவசரப்பட்டுக் கட்டாயப் பழுதோடு கிளம்பச் சொன்னதும் நானேதான்.

தடத்தை விட்டு வெளியே போவது, சுழல்வது, மோதுவது எல்லாவற்றுக்கும் புள்ளி ஏறும். அது அணி முழுவதற்கும் சேர்ந்த கணக்கு. வரம்பைத் தாண்டினால் தண்டனையாக பிட் பாதை வழியே போய் வர வேண்டும்.

மழை பெய்யுமா?

2024 மார்ச்சிலிருந்து ஐரேசிங்கில் மழை உண்டு. ஈரத்தில் வழக்கமான கோட்டில் ரப்பர் வழுக்கும். ஒரு கார் அகலம் தள்ளி ஓட்டிப் பாருங்கள். ரேஸுக்கு முன் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மணி நேரமாவது மழையில் ஓட்டியிருக்க வேண்டும்.

சாப்பாடு, தூக்கம்?

தயிர்சாதம், இட்லி, வாழைப்பழம். ரேஸ் நாளில் பிரியாணி வேண்டாம். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் இமை இறங்கும். காரில் ஏறுவதற்கு அரை மணி முன்பு காபி ஒரு டம்ளர், அதற்கு மேல் வேண்டாம். இறங்கியதும் தூக்கம் வராது. தண்ணீரை உறிஞ்சுகுழல் வைத்த புட்டியில், கை போகும் இடத்தில் வையுங்கள்.

ஜூன் மாதச் சென்னையில் அறை கொதிக்கும். மின்விசிறி முகத்துக்கு நேரே வேண்டாம், கண் காய்ந்துவிடும். மார்புக்கு நேராகத் திருப்புங்கள். இரண்டு ஸ்டிண்ட் தொடர்ந்து ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டொராண்டோ அண்ணனைப்போல் பகல் நேரம் அமையாவிட்டால் மூன்றாவதை ஆசைப்பட்டுக் கேட்காதீர்கள். இறங்கியதும் ரேஸைப் பார்த்துக்கொண்டே உட்காராமல் வேறு அறைக்குப் போய்ப் படுங்கள். வீட்டில் ஒருவரிடம் எழுப்பச் சொல்லி வைப்பது அலாரத்தைவிட நம்பிக்கை.

இதனால் நிஜ ரேஸுக்குப் போக முடியுமா?

ஒன்று இன்னொன்றாகிவிடாது. 2012இல் லீ மான்ஸில் ஆறாவதாக முடித்த அணியில் இருந்த நம் சென்னை கருண் சந்தோக் சின்ன வயதிலிருந்தே நிஜத் தடத்தில் வளர்ந்தவர். கழுத்தை இழுக்கும் விசையும், காருக்குள் வேகும் வெப்பமும், பயமும் என் அறையில் இல்லை. ஆனால் எரிபொருள் கணக்கு, டிராஃபிக்கில் பொறுமை, காரைப் பத்திரமாகக் கைமாற்றுவது இவை மூன்றும் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். நிஜ ஓட்டுநர்கள் பலரும் சிமுலேட்டரில் பழகுவது அதற்காகத்தான்.

கடைசி ஸ்டிண்டை யாருக்குக் கொடுப்பது?

வேகமானவருக்கு என்று பலர் சொல்வார்கள். நாங்கள் அதிகம் தூங்கியவருக்குக் கொடுக்கிறோம். கடந்த முறை அது தம்பி.

கடைசி பிட்டில் எவ்வளவு நிரப்புவது என்பதில் கவனம் வேண்டும். நேரக் கணக்கு ரேஸ் என்பதால் எத்தனை லேப் என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரியாது. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு முதலிடத்துக் கார் கோட்டைத் தாண்டினால்தான் கொடி விழும். அவர் பூஜ்யத்துக்கு இரண்டு வினாடி முன்பு கோட்டைத் தாண்டிவிட்டால் இன்னொரு முழு லேப் ஓட்ட வேண்டிவரும், உங்களுக்கும் சேர்த்து. அதனால் உங்கள் கணக்குக்கு மேல் ஒரு லேப்புக்கான பெட்ரோலைச் சேர்த்தே ஊற்றுங்கள்.

எங்களுக்கு அந்தக் கூடுதல் லேப் வந்தது. மூன்று பேரும் இணைப்பில் இருந்தோம். டொராண்டோ அண்ணனுக்கு அப்போது காலை ஒன்பது மணி. விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார். யாரும் பேசவில்லை. தம்பி மூன்று நேர்ப்பாதையிலும் முன்னதாகவே காலை எடுத்தான், அர்னாஜை நடந்து போவதுபோல் கடந்தான், போர்ஷே வளைவுகளில் பின்னால் வந்த எல்எம்பி காத்திருந்தது. ஃபோர்டு சிகேன் தாண்டிக் கோட்டைக் கடந்தபோது டேங்கில் 1.1 லிட்டர் இருந்தது.